முக்கால் பாடம்

1937 ஜனவரி 30 அன்று தாம்பரத்தில் ஒரு திறப்பு விழா நடந்தது. சென்னை மாகாண ஆளுநர் எர்ஸ்கின் பிரபு வந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தைத் திறந்து வைத்தார். ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளிக்கூடம் கல்லூரியாக வளர்ந்து, நூறாவது வயதில் நகரத்தை விட்டு வெளியேறியது. வந்து சேர்ந்த இடம் புதர்க்காடு. கிழக்கே சேலையூர், தெற்கே இரும்புலியூர், மேற்கே ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும். ஏரித் தண்ணீரை நம்பியிருந்த கிராமங்களுக்கு நடுவே ஏறத்தாழ 365 ஏக்கர்.

ஜார்ஜ் டவுனின் பாரிமுனையில் பெயரும் புகழும் பெற்றுவிட்ட ஒரு கல்லூரி எதற்காக இந்தக் காட்டுக்கு வரவேண்டும்? இடநெருக்கடி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மாணவன் கல்லூரியில் தேறுவதற்கு வகுப்பறை மட்டும் போதாது. படிக்கும் பழக்கமும் பேசும் பழக்கமும் பொறுப்பேற்கும் பழக்கமும் வேண்டும், அவை வளர ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் வாழவேண்டும் என்று அந்தக் கல்லூரியை நடத்தியவர்கள் நம்பினார்கள். தாம்பரம் வளாகம் அந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது.

இந்த எண்ணம் தமிழுக்குப் புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மாணாக்கன் பாடம் கேட்கவேண்டிய முறை விரிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. உலக வழக்கை அறிவது, பாடத்தை மனத்தில் பதிப்பது, கேட்டதைத் திரும்ப எண்ணிப் பார்ப்பது, ஆசிரியரை மறுபடி அணுகித் தெளிவது, உடன் பயில்வோரோடு சேர்ந்து பயில்வது, கேள்வி கேட்பது, பிறர் கேட்டால் விடை சொல்வது என்று ஒரு பட்டியலே அங்கே உண்டு. அதற்கும் மேலே போய் ஒரு கணக்கும் போடுகிறார் பவணந்தியார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. சக மாணவரோடு பழகிப் படித்தால் இன்னொரு கால். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் வந்து புலமை நிறைகிறது. ஆக, முக்கால் பாடம் ஆசிரியரின் வாயிலிருந்து வருவதில்லை. தோழர்களோடு சேர்ந்து மாணவனே தேடிக்கொள்வது அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லூரிகளில் இந்த முக்கால் காணாமல் போனது. 1857-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகவே இருந்தது. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிப்படியாகத் தேர்வுகள். ஒரு படியில் தவறினால் அடுத்த படி கிடையாது. கல்லூரிகள் அந்தத் தேர்வுகளுக்கு ஆள் தயார் செய்தன. மாணவர்கள் குறிப்புப் புத்தகங்களை உருப்போட்டார்கள். அந்த அமைப்பு எப்படிப்பட்டவரையும் கைவிடும் என்பதற்கு ஸ்ரீனிவாச ராமானுஜனே சாட்சி. கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. ஒரு பாடத்தின் ஆர்வத்தை மற்றப் பாடங்களோடு சமன் செய்துகொள்ள ஒரு வழிகாட்டி அந்த வயதில் அவருக்கு வாய்த்திருந்தால் அந்த இரண்டு தோல்விகளும் நேராமல் இருந்திருக்கலாம்.

கிறித்தவக் கல்லூரியில் இந்தக் குறையை முதலில் உணர்ந்து செயல்பட்டவர் வில்லியம் மில்லர். 1862-இல் சென்னைக்கு வந்தவர், பள்ளியாக இருந்ததைக் கல்லூரியாக்கி, 1907 வரை அதன் உயிராக இருந்தார். பாடம் நடத்துவதோடு அவர் நிற்கவில்லை. வெளியூர் மாணவர்களுக்கு ஜார்ஜ் டவுனில் விடுதிகள் எழுந்தன. 1883-இல் கல்லூரியின் பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை வைத்து அவர் எழுதிய நூல்கள், இளைஞர்கள் தம் வாழ்க்கைக்கு அவற்றிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றியே பேசின.

அந்தச் சூழலில் வளர்ந்தவர்களில் ஒருவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர். அங்கேயே படித்து, அங்கேயே தமிழாசிரியரானார். வகுப்பு முடிந்த பிறகும் அவருடைய பாடம் முடியவில்லை. தமிழில் நாட்டமுள்ள மாணவர்களைத் தேர்ந்தெடுத்து இலவசமாகப் பாடம் சொன்னார். அவர்களுக்கு 'இயற்றமிழ் மாணவர்' என்று பெயரும் வைத்தார். 1903-இல், 33 வயதில் அவர் மறைந்துவிட்டார். அதற்குள் அவர் செய்த இன்னொரு நற்செயல், 1898-இல் மறைமலையடிகள் அதே கல்லூரிக்குத் தமிழாசிரியராக வரக் காரணமாக இருந்தது.

படிப்புப் பழக்கம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு மறைமலையடிகளைக் காட்டலாம். பல்லாண்டு விடாமல் நாட்குறிப்பு எழுதினார். வருமானத்தில் பெரும்பகுதியைப் புத்தகத்துக்குச் செலவிட்டார். படித்ததைச் சொற்பொழிவாக்கினார், சொற்பொழிவை நூலாக்கினார். 1911-இல் கல்லூரியை விட்டு வெளியேறியவர் குடியேறிய இடம் பல்லாவரம். தாம்பரத்துக்கு மிக அருகே, அதே ரயில் பாதையில் உள்ள ஊர். கல்லூரி இந்தப் பக்கம் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அதன் ஆசிரியர் ஒருவர் வந்துவிட்டார். அவர் சேர்த்த நூல்களே 1958-இல் சென்னையில் தொடங்கிய மறைமலையடிகள் நூல்நிலையத்துக்கு அடித்தளமாயின.

கேள்வி கேட்கும் பழக்கத்துக்கும் அதே பாரிமுனைக் கட்டடத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே தத்துவம் படித்தார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற கருத்து கிறித்தவ ஆசிரியர்களிடையே பரவலாக இருந்த காலம். மாணவர் அதை வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வேதாந்தத்தின் அறநெறி பற்றியே 1908-இல் முதுகலை ஆய்வேடு எழுதி மறுத்தார். அவருடைய பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் அந்த ஆய்வேட்டைப் பாராட்டினார். தன்னோடு கருத்து மாறுபடும் மாணவனை மதிக்கத் தெரிந்த அந்த ஆசிரியர்தான் 1928-இல் முதல்வரானார். கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்ததும் அவர் காலத்தில்தான்.

இடப்பெயர்ச்சிக்கு இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. முதலாவது, ரயில். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம் தினசரி போய்வரும் தூரமாகச் சுருங்கியது. இரண்டாவது, அதே ஆண்டு வெளிவந்த ஓர் அறிக்கை. ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரித் தலைவர் ஏ.டி. லிண்ட்சே தலைமையில் ஒரு குழு இந்தியாவின் கிறித்தவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதியது அது. இந்திய உயர்கல்வியைத் தேர்வுகள் ஆட்டிப்படைப்பதை அது கடுமையாக விமர்சித்தது. தாம்பரத்துக்குப் போகும் யோசனை அதற்கு முன்பே உருவாகியிருந்தது என்றாலும், அதன் நியாயத்துக்கு இந்த அறிக்கை வலுச் சேர்த்தது.

புதிய வளாகத்தின் மையம் வகுப்பறைக் கட்டடங்களைவிட அதன் மூன்று விடுதிகள்தான் என்று சொல்லவேண்டும். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். அந்தக் கல்லூரியில் யாரும் அவற்றை 'ஹாஸ்டல்' என்று சொல்வதில்லை. 'ஹால்' என்றே சொல்வார்கள். ஹீபர் ஹாலின் பெயருக்குப் பின்னால் ஒரு திருச்சிக் கதை இருக்கிறது. 1826-இல் திருச்சியில் இறந்த ஆயர் ரெஜினால்ட் ஹீபரின் பெயரில் அங்கே நடந்துவந்த கல்லூரி 1930-களில் மூடப்பட்டு, கிறித்தவக் கல்லூரியோடு இணைந்தது. அந்தப் பெயர் தாம்பரத்தில் ஒரு ஹாலாகத் தொடர்ந்தது. திருச்சியில் கல்லூரி 1966-இல் மீண்டும் உயிர் பெற்றது.

ஹால்களின் நடைமுறையைப் பார்த்தால் பவணந்தியாரின் கணக்கு நினைவுக்கு வரும். முற்றத்தைச் சுற்றி அறைகள். வார்டன் என்பவர் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியர். ஹாலை ஒட்டியே அவருக்கும் வீடு. பகலில் வகுப்பில் கேட்கத் தயங்கிய கேள்வியை மாலையில் அவர் வாசலில் கேட்கலாம். மாணவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த செயலாளர்கள் மெஸ் முதல் விளையாட்டு வரை பொறுப்பேற்றார்கள். அரிசி விலை, மளிகைக் கணக்கு, சமையல்காரர்களோடு பேச்சு, சாப்பாடு சரியில்லை என்று புகார் சொல்லும் தோழனுக்குப் பதில் என்று பதினெட்டு, இருபது வயதில் நிர்வாகம் பழகினார்கள். விவாதக் கூட்டம், நாடகம், ஹால்களுக்கிடையே போட்டிகள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடக்கும். தினமும் வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களையும் ஏதாவது ஒரு ஹாலோடு இணைத்துவிடும் வழக்கமும் இருந்தது. மின்சார ரயிலைப் பிடித்து மாம்பலத்துக்கோ எழும்பூருக்கோ திரும்புகிறவனுக்கும் இதனால் வளாகத்தில் ஒரு முகவரி கிடைத்தது.

கல்லூரிக்குள் இருந்த காடும் பாடம் ஆனது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்துப் பாதுகாத்தார்கள். சென்னைக் கடற்கரையோரத்துக்கு உரிய உலர் பசுமைமாறாக் காடு சுற்றுவட்டாரம் எங்கும் வீட்டு மனைகளாக மாறிய பிறகும் அந்த வளாகத்தில் எஞ்சியிருப்பதற்கு அவர்கள் காட்டிய அக்கறை ஒரு முக்கியக் காரணம். தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு ஆய்வுக்கூடம் கதவைத் திறந்ததும் தொடங்கியது.

இப்படிப்பட்ட சூழல் என்ன மாதிரி அறிஞரை உருவாக்கும்? கிஃப்ட் சிரோமணியைச் சொல்லலாம். 1932-இல் பிறந்தவர், தாம்பரத்தில் கணிதமும் பின்னர் புள்ளியியலும் கற்பித்தார், 1988-இல் மறைந்தார். தெருவாசலில் பெண்கள் போடும் கோலத்தை எல்லோரும் பார்க்கிறோம். அந்தப் புள்ளிகளுக்கும் சுழிகளுக்கும் பின்னால் ஓர் இலக்கணம் இருப்பதை அவர் கண்டார். தம் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து 1974-இல் கோலத்தின் கணித இலக்கணம் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணினி அறிவியலில் வடிவங்களை விவரிக்கும் கோட்பாட்டுக்கு அது உலகறிந்த உதாரணமாயிற்று. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி படித்தறிவது பற்றி 1978-இலேயே எழுதினார். மாமல்லபுரச் சிற்பங்களில் உள்ள ஆடை அணிகளை ஆராய்ந்தார். சிந்துவெளிக் குறியீடுகளையும் விடவில்லை. ஒரு துறைக்குள் அடைந்துகிடக்காத அந்த மனம், பல துறைக்காரர்கள் ஒரே வளாகத்தில் அன்றாடம் சந்தித்துப் பேசும் வாழ்க்கையில் செழித்தது.

தாம்பரத்திலிருந்து ரயிலில் வடக்கே இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. அங்கே 1949-இல் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், எம்.ஐ.டி., இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லித்தந்தது. 1950-களின் நடுவில் அங்கே விமானப் பொறியியல் படிக்க வந்தவர் அப்துல் கலாம். சேர்க்கைக்கு வேண்டிய ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய அக்கா ஜோஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களுக்கு அருகே, மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் உட்கார்ந்திருப்பாராம். இதைத் தம் தன்வரலாற்றில் அவரே சொல்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி கல்லூரிக்குப் போகும் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை கலாமுக்கும் அவருடைய நான்கு தோழர்களுக்கும் தரப்பட்டது. வேலை நடந்த வேகம் இயக்குநர் பேராசிரியர் ஸ்ரீனிவாசனுக்குத் திருப்தி தரவில்லை. கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். மூன்றே நாள் தருவதாகவும், முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் பேராசிரியர் சொல்லிவிட்டார். உதவித்தொகை இல்லாவிட்டால் படிப்பே இல்லை. இரவுச் சாப்பாட்டை விட்டு, வரைபலகையை விட்டு நகராமல் வேலை செய்தார் கலாம். மூன்றாம் நாள் பேராசிரியர் நேரில் வந்து பார்த்துத் தட்டிக்கொடுத்தார். குறித்த நாளுக்குள் வேலையை முடிப்பது என்ற பழக்கம் அங்கே அவர் உடம்பில் ஏறியது. இதே எம்.ஐ.டி.யின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதல் பரிசும் பெற்றார். கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் அந்த அரைப் பங்கு இங்கே தாய்மொழியில் நிறைவேறியது.

காலம் மாறியது. 1962-இல் சந்திரன் தேவநேசன் கிறித்தவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1978-இல் அந்தக் கல்லூரியும் லயோலா உள்ளிட்ட சில கல்லூரிகளும் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் கல்லூரியே வகுக்கலாம். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். செமஸ்டரும் இன்டர்னல் மதிப்பெண்ணும் வந்தன. மாணவனின் அன்றாட வேலைக்கு மதிப்புத் தரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதே ஆண்டுதான் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தொடங்கியது. அதுவரை பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் பி.யு.சி. என்ற ஓராண்டுப் படிப்பைக் கல்லூரிக்குள்ளேயே படித்துவிட்டுப் பட்ட வகுப்புக்குப் போனார்கள். விரிவுரை கேட்கவும், குறிப்பெடுக்கவும், நூலகத்தில் தேடவும் பழகிக்கொள்ள ஓராண்டு கிடைத்தது. பி.யு.சி. போனதும் அந்தப் படிக்கட்டும் போயிற்று. பள்ளிச் சீருடையைக் கழற்றிய கையோடு மாணவர் நேரே பட்ட வகுப்பில் உட்காருகிறார்.

உட்காருகிறவர்களும் மாறிவிட்டார்கள். 1937-இல் கல்லூரிக்குப் போனது சமூகத்தின் மிகச் சிறு பகுதி, பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் ஏற்கெனவே படித்த குடும்பங்கள். 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இது தமிழ்நாட்டின் பெரும் சாதனை. காமராசர் காலத்துப் பள்ளிகளும், மதிய உணவும், இட ஒதுக்கீடும், இலவச பஸ் பாஸும் சேர்ந்து கட்டிய சாதனை. ஆனால் வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பெண்ணுக்கு, அசைன்மென்ட் எப்படி எழுதுவது, அரியர் விழுந்தால் என்ன செய்வது, பேராசிரியரிடம் எப்படிப் போய்ச் சந்தேகம் கேட்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. தமிழ் வழியில் படித்து வந்து, முதல் வாரமே ஆங்கில விரிவுரையை எதிர்கொள்ளும்போது அந்தத் தனிமை இன்னும் கூடுகிறது. தாம்பரம் ரயில் நிலையத்தில் தினமும் காலையில் இறங்கும் மாணவர் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024-இல் மாணவர்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. பணமும் பயிற்சியும் அவசியம். ஆனால் உடன் பயில்வோரோடு உட்கார்ந்து படிக்கும் நேரத்தையும் இடத்தையும் எந்தத் திட்டமும் நேரடியாகத் தந்துவிட முடியாது. அதைக் கல்லூரிதான் தரவேண்டும்.

தாம்பரம் முதல் வண்டலூர் தாண்டியும், மேடவாக்கம் வழியாகவும் இன்று கல்லூரிகள் நிறைந்திருக்கின்றன. இரும்புலியூர் வழியாகக் காலையில் போகும் கல்லூரிப் பேருந்துகளை எண்ணி முடியாது. அவற்றில் பல, மாலையில் கடைசி மணி அடித்ததும் எல்லா மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. அதற்குப் பிறகு வளாகத்தில் யாரும் இல்லை. நூலகம் பூட்டியிருக்கிறது, வகுப்பறையும் பூட்டியிருக்கிறது. மாணவர் வாங்கிக்கொண்டு போவது கால் பாடம்.

365 ஏக்கர் எல்லாக் கல்லூரிக்கும் வாய்க்காது. ஹால்களின் முறையில் பெரும்பகுதிக்கு நிலமும் தேவையில்லை. ஒவ்வொரு புதிய மாணவருக்கும் ஒரு மூத்த மாணவரையும் ஓர் ஆசிரியரையும் பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். விழா, சங்கம், உணவகக் கணக்கு ஆகியவற்றை மாணவர் கையில் உண்மையான பொறுப்பாகத் தரலாம். நாலைந்து பேர் கூடி, முறைவைத்து ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்ளும் வட்டங்களைப் பாடவேளைக்குள்ளேயே கொண்டுவரலாம். முதலாண்டு மாணவர்கள் தங்கள் பங்குக்கு முதல் மாதத்திலேயே அப்படி மூன்று தோழர்களைத் தேடிக்கொள்ளட்டும். ஆசிரியரிடம் வாரம் ஒரு கேள்வியாவது கேட்கட்டும். பெற்றோர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைவாய்ப்புக் கணக்கோடு நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் விசாரிக்கட்டும். கல்லூரி நிர்வாகங்கள் மாலையில் பூட்டிவிடும் அறைகளில் சிலவற்றையாவது இரவு எட்டு மணிவரை மாணவர்களுக்குத் திறந்து வைத்து, அவர்கள் வீடு திரும்ப ஒரு பேருந்தையும் நிறுத்தி வைக்கட்டும்.